கூடிக்கொண்டு போன ஒயில்

காரின் பெற்றோல் முள்ளைப் பார்த்துப் பார்த்தே அந்த வருடம் எனக்குக் கழுத்து நோவு வந்தது. பகிடிக்குச் சொல்லவில்லை. ஸ்டியரிங் வளையத்தின் கம்பி சரியாக அந்த முள்ளை மறைக்கும். ஒவ்வொரு மைல்கட்டைக்கும் ஒருமுறை கழுத்தைச் சரித்துப் பார்ப்பேன். பிறகு, பார்த்தது சரிதானா என்று இன்னொருமுறை பார்ப்பேன். திருகோணமலை நகரத்திலிருந்து தம்பலகாமத்துப் பக்கம் இருக்கும் என் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வைத்திருந்த சின்ன யப்பான் கார் அது. கைபேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று பெற்றோல் அடித்துவிடும் காலம். கிடைப்பதை வைத்துத் திங்களிலிருந்து வெள்ளி வரை சமாளிக்க வேண்டும். முன்பெல்லாம் வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வரும்போது கால் டாங்க் மிஞ்சியிருக்கும். பிறகு வியாழக்கிழமை காலையிலேயே முள் சிவப்புக் கோட்டைத் தொடத் தொடங்கியது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். காரணமில்லாமல் எதுவும் குறையாது என்பதைத்தான் இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு மூளைக்கு முன்னால் கோபம் வந்து நிற்கும். என் கணவர் அதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார். காலைத் தேத்தண்ணிக்கு முன் நான் யாருடனும் கதைக்கக் கூடாது, தேத்தண்ணிக்குப் பின் அவருடன் மட்டும் கதைக்கலாம்.

எங்கள் வீடு துறைமுகத்துக்குப் பின்பக்கம் ஓர் ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது. ஒழுங்கைக்குள் சைக்கிளும் ஓட்டோவும் வரும், கார் வராது. அதனால் கார் வாங்கிய நாளிலிருந்தே அது ஒழுங்கை முகப்பில் உள்ள ராத்தா வீட்டு வளவில்தான் நிற்கிறது. ராத்தா என்பது பெயரில்லை. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நானும் அப்படியே பழகிவிட்டேன். ராத்தாவின் கணவரை அண்ணன் முறையில் நானா என்பேன். நானாவுக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடி வள்ளம் இருக்கிறது. அதன் எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடும், ஆனால் அதைக் கிளப்புவதற்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். கடலுக்குப் போகாத நேரங்களில் எஞ்சினைக் கழற்றிக் கொண்டுவந்து வளவில் ஒரு மரச்சட்டத்தில் மாட்டி வைப்பார், என் காருக்கு நாலடி தள்ளி.

கார்ச் சாவிகளில் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. வலை ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் உள்ளே வரும்போது காரைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்க வேண்டும், அதை நானாதான் எடுப்பார். வரிசைக் காலத்தில், பெற்றோல் ஷெட்டிலிருந்து கடற்கரை வரை வாகனங்கள் நின்றபோது, அதே சாவியை வைத்துக்கொண்டு எனக்காக இரண்டு பகல் முழுக்க அந்தக் காருக்குள் காத்திருந்தவரும் அவர்தான். நான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதற்காகக் கடலுக்குப் போகாமல் இருந்தார். ராத்தா சோறு கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததைச் சொல்லும்போது என் மேல் தேவையில்லாத இரக்கம் யாருக்கும் வரக்கூடாது.

முதலில் மணம்தான் வந்தது. காலை ஆறேகாலுக்குக் காரடிக்குப் போனால் பெற்றோல் மணக்கும். அந்த வளவில் பெற்றோல் மணப்பது புதிதில்லை, ஆனால் இது கூடுதலாக இருந்தது, அதுவும் காரின் முன்பக்கத்தில். பெற்றோல் டாங்க் இருப்பது பின்பக்கத்தில். இதை யோசிக்க விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை, ஒரு மூக்கு போதும். நானோ மணம் வந்ததும் திரும்பிப் பார்த்தது நாலடி தள்ளியிருந்த வள்ள எஞ்சினை. பிறகு அதன் அடியில் இருந்த மஞ்சள் பிளாஸ்டிக் கலனை. பிறகு ராத்தா வீட்டு வாசலை.

அடுத்தது, கார் கிளம்ப மறுத்தது. காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒரு கறுப்புப் புகையோடு எப்படியோ கிளம்பிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கடையில் பத்து நிமிடம் நிறுத்தி மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருகினால்தான் சனி பிடிக்கும். இருமும், இருமும், கிளம்பாது. அக்சிலேட்டரைக் காலால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் திருகினால் பின்னால் நிற்பவர்கள் மூக்கைப் பொத்தும் அளவுக்குப் புகையைக் கக்கிக்கொண்டு எழும்பும். புகையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மீனவர் வளவில் நிற்கிற கார். பெற்றோலை எடுத்துவிட்டு, குறைந்தது தெரியாமல் இருக்க மண்ணெண்ணெயை ஊற்றிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் அப்போது இதைக் கேட்டால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஆளாளுக்கு டாங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டிருந்த காலம் அது.

ஒரு வெள்ளி பின்னேரம் கணவரிடம் சொன்னேன்.

"ஆரோ காரில பெற்றோல் எடுக்கினம்."

"ஆர்?"

"ஆர் எண்டு நான் சொல்லேல்ல."

"சொல்லாமல் ஏன் அந்த வளவுப் பக்கம் பாக்கிறீர்? காரைக் கொண்டுபோய் ஒரு கராஜில காட்டும்."

"காரில ஒரு பிழையும் இல்லை. ஒரு சொட்டு ஒயில் குடிக்குதோ? சொல்லுங்கோ பாப்பம்."

அது என் பெருமை. ஞாயிறு தோறும் எஞ்சின் ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்து, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பேன். ஆசிரியர் அறையில் மற்றவர்களின் கார்கள் மாதம் ஒரு போத்தல் ஒயில் குடிக்கும் கதை ஓடும்போது நான் மட்டும் வாயைக் கோணிக்கொண்டு சிரிப்பேன். என் காரில் ஒயில் குறையவே இல்லை. மாதங்கள் போகப் போகக் கம்பியில் ஒயில் மேல்கோட்டுக்கு மேலும் கொஞ்சம் ஏறி நின்றது. நல்ல கார் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு கம்பியைச் செருகி விடுவேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையிலேயே என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குசினிக்குப் போனேன், முற்றத்துக்கு வந்தேன், கூட்டியதையே திரும்பக் கூட்டினேன். ஒன்பது மணிக்கு ராத்தா வீட்டுக்குப் போனேன். ராத்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ராத்தா, அந்தக் கார்ச் சாவியை ஒருக்கா தாறீங்களா? எங்கட சாவி தேய்ஞ்சு போச்சு."

ராத்தா கையைக் கழுவி, துடைத்து, உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

"லாண்ட்மாஸ்டர் வந்தா டீச்சர்?"

"ஆளை அனுப்புங்க. நானே வந்து எடுக்கிறன்."

"சரி டீச்சர்."

ராத்தா சும்மா சரி சொல்கிற ஆள் இல்லை. ஒரு முருங்கைக்காய் கேட்டாலே என்ன கறி, யாருக்கு, ஏன் நேற்றே கேட்கவில்லை என்று கேட்டுத்தான் பிடுங்கித் தருவார். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, விடை பெறக்கூட நிற்காமல் வந்தேன்.

அடுத்த வியாழனும் முள் சிவப்புக் கோட்டில் நின்றது. ஒரு கருதுகோள் பரிசோதனையில் பிழைத்தால் அதைக் கைவிட வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் சொல்லிக் கொடுக்கிறவள் நான்தான். நான் கைவிடவில்லை. நானா இன்னொரு சாவி வெட்டி வைத்திருப்பார் என்று நினைத்தேன். பெற்றோல் ஊற்றும் மூடியின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு துண்டு டேப் ஒட்டினேன். காலையில் டேப் ஒட்டினபடி இருந்தது, மணமும் இருந்தது. அப்படியென்றால் கீழே குழாயிலிருந்து இழுக்கிறார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலில் நின்று, காருக்கு அடியில் தலையை விட்டேன்.

குசினி யன்னலிலிருந்து ராத்தாவின் குரல் கேட்டது. "என்ன டீச்சர், ஏதும் விழுந்துபோச்சா?"

"தோடு ராத்தா, தோடு," என்றேன். இரண்டு தோடும் காதில் கிடந்து ஆடின.

அந்தக் கிழமையே நானா எஞ்சினை வளவிலிருந்து எடுத்துவிட்டார். மஞ்சள் கலனையும் காணவில்லை. இரண்டையும் கரையில் வலை போட்டு வைக்கும் கொட்டிலான வாடிக்குக் கொண்டுபோய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். மடியில் கனமில்லாதவன் ஏன் எடுக்கிறான் என்று கணவரிடம் கேட்டேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். அவருக்குக் கோபம் வந்தால் அதுதான் அடையாளம். நான் அதையும் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு பெருநாள் வந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு வழக்கம் உண்டு. பெருநாளுக்கு ராத்தா வீட்டிலிருந்து வட்டிலப்பமும் பிரியாணியும் பீங்கானில் வரும். அந்தப் பீங்கான் எங்கள் வீட்டிலேயே தங்கும். பொங்கலோ தீபாவளியோ வரும்போது பலகாரம் நிரம்பித்தான் திரும்பிப் போகும். வெறும் பீங்கானைத் திருப்பிக் கொடுப்பது இரண்டு பக்கத்திலும் நடந்ததில்லை. அலுமாரியில் எது அவர்களுடையது, எது எங்களுடையது என்று எனக்கே மறந்துவிட்டது. அந்த வருடமும் சாப்பாடு வந்தது. கடைகளில் சோறு கட்டித் தருகிற, சாப்பிட்டுவிட்டு எறிகிற பிளாஸ்டிக் பெட்டியில் வந்தது. திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. களவும் எடுத்துவிட்டு ரோசமும் காட்டுகிறார்களே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

பெருநாளுக்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் முடிய நாலு மணியாகிவிட்டது. கண்டி வீதிக்கு ஏறியதும் தயிர்ச் சட்டி விற்கிற ஒரு கொட்டிலில் நிறுத்தினேன். ஒரு சட்டியை வாங்கிப் பின் இருக்கையில் வைத்துவிட்டுச் சாவியைத் திருகினேன். கார் இருமியது. திரும்பத் திரும்பத் திருகினேன். இருமலும் நின்று, பற்றரி சோர்ந்து, டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. தயிர் விற்கிற பெண் வயல் பக்கம் பார்த்தபடி சட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

"இதில நிக்க ஏலாது டீச்சர். இருட்டினா ஆனை ரோட்டுக்கு வரும்."

நான் வீதிக்கும் காருக்கும் இடையில் நடந்தேன். கணவருக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. வயலிலிருந்து வந்த ஓர் உழவு இயந்திரத்தை மறித்தேன். அதன் சொந்தக்காரர் கயிறு எடுத்துக் காரைக் கட்டி, ஒரு கட்டை தூரத்தில் இருந்த கராஜுக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார். சேற்றுச் சில்லுக்குப் பின்னால் கார் கண்ணாடி முழுக்கச் சேறு தெறிக்க, முன்னால் ஒன்றும் தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

கராஜ்காரரைப் பாஸ் என்றார்கள். எங்கள் நாட்டில் மேசனும் பாஸ், தச்சரும் பாஸ், இவரும் பாஸ். என் வயதிருக்கும். வெற்றிலை வாய், முகம் பார்த்துக் கதைக்காத ஆள். அவர் பொனட்டைத் திறக்க முன்னமே நான் வியாதியைச் சொல்லிவிட்டேன்.

"பெற்றோல் களவு போகுது. களவெடுக்கிற ஆள் மண்ணெண்ணெயைக் கலந்து விடுறார். அதுதான் இந்தப் புகை."

"ஆரது?"

நான் பொனட்டைக் கைகாட்டினேன். அவர் ஒரு குழாயைக் கழற்றிக் கொஞ்சப் பெற்றோலைப் போத்தலில் பிடித்தார். மணந்து பார்த்தார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு ஊதினார். பெற்றோல் பறந்துவிட்டது, கை வெளுத்துக் காய்ந்து கிடந்தது.

"மண்ணெண்ணெய் எண்டா கையில பிசுக்கு நிக்கும். இது நல்ல பெற்றோல்," என்று சொல்லிவிட்டுக் கையைச் சாரத்தில் துடைத்தார். "ஒயில் குறையுதா?"

"ஒயிலா? ஏழெட்டு மாசமா ஒரு சொட்டும் ஊத்தேல்ல. குறையாதது மட்டுமில்ல, கொஞ்சம் கூடித்தான் நிக்குது."

பாஸ் அப்போதுதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். "கூடியிருக்கா?"

கம்பியை இழுத்தார். மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஒயில் நின்றது. தேனாக இறங்க வேண்டியது தண்ணீராக வழிந்தது. அவர் மணந்துவிட்டுக் கம்பியை என் மூக்கடியில் நீட்டினார். எட்டு மாதமாக வளவில் மணத்த அதே பெற்றோல் மணம்.

"ஒயில் தானா கூடுமா டீச்சர்? என்ன படிப்பிக்கிறீங்க?"

"விஞ்ஞானம்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இன்ஜெக்டர் என்பது விரல் அளவில் ஒரு வால்வு. சிலிண்டருக்கு ஒன்றாக என் காரில் நாலு. திறக்கச் சொன்னால் பெற்றோலைத் தூவ வேண்டும், மூடச் சொன்னால் இறுக மூட வேண்டும். மூடாமல் கசிந்தால், கார் நின்ற பிறகும் பெற்றோல் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். சூடாக நிற்கும் எஞ்சினுக்குள் பெற்றோல் தேங்கினால் அது மூச்சு முட்டிக் கிளம்பாது. கிளம்பினாலும் கறுப்பாகப் புகைக்கும். மிச்சப் பெற்றோல் சிலிண்டர் சுவரால் இறங்கி ஒயிலோடு சேரும். பாஸ் இதையெல்லாம் கையைக் காட்டிக் காட்டி நாலு வசனத்தில் சொல்லி முடித்தார்.

"ஆனா சந்தேகம்தான். பாத்துத்தான் சொல்லலாம்," என்றார்.

பெற்றோலின் அழுத்தத்தை முள்ளால் காட்டும் ஓர் அமுக்கமானியைக் கொண்டுவந்து பெற்றோல் குழாயில் பூட்டினார். என்னைச் சாவியை ஒருமுறை திருப்பி நிறுத்தச் சொன்னார். முள் எழும்பி நின்றது. "இப்ப பத்து நிமிஷம் பாக்க வேணும்." பத்து நிமிடம் சும்மா ஒரு முள்ளைப் பார்ப்பது என்னால் ஆகிற காரியமா? வாசலுக்குப் போனேன், வந்தேன், குனிந்தேன், திரும்பப் போனேன்.

"டீச்சர், ஒரு கதிரையில இருங்க. நீங்க நடக்கிற நடையில முள்ளு தானா இறங்கும்."

முள் இறங்கியது. நான் நடந்ததால் இல்லை. நாலாவது நிமிடமே பாதிக்கு வந்துவிட்டது. "சரி, இன்ஜெக்டர்தானே?" என்று எழும்பினேன். பாஸ் தலையை ஆட்டினார். அமுக்கம் டாங்க் பக்கமாகப் பம்ப் வழியாகவும் திரும்பியிருக்கலாமாம். டியூப் ரப்பர் சுற்றிய குறட்டால் அந்தப் பக்கக் குழாயை நெரித்து அடைத்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். இன்ஜெக்டரில் பிழை சொல்ல முன் பம்பில் பிழையில்லை என்று தெரிய வேண்டும் என்றார். ஒரு இரும்புத் துண்டுக்கு இவ்வளவு நியாயம் பார்க்கிறாரே என்று எனக்குப் பட்டது. நான் ஒரு மனுசனுக்குப் பார்க்கவில்லை.

அடைத்தபோதும் முள் இறங்கியது. பிறகு நாலு இன்ஜெக்டரையும் அவை செருகியிருந்த குழாயோடு சேர்த்து வெளியே தூக்கிக் கட்டினார். கீழே ஒரு பழைய பத்திரிகையை விரித்தார். "திருப்புங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க," என்றார். பம்ப் இரைந்து நின்றது. முதல் இரண்டும் காய்ந்தபடி இருந்தன. நாலாவதன் நுனி வியர்த்தது. மூன்றாவதன் நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு, பருத்து, மணமகன் தேவை விளம்பரத்தின் மேல் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பத்திரிகையில் வட்டம் பெருத்துக்கொண்டே போனது.

"இந்தா பிடிச்சாச்சு உங்கட கள்ளனை," என்றார் பாஸ். "களவெடுத்ததை ஒயிலுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறார்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். சாவி கேட்டதும், டேப்பும், காதில் ஆடிய தோடும், பிளாஸ்டிக் பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக என் நினைவுக்கு வந்தன.

"டாங்கில பழைய பெற்றோல் ஏதும் ஊத்தினீங்களா?" என்று கேட்டார். ஊற்றியிருந்தேன். வரிசைக் காலத்தில் பதுக்கி, கட்டிலுக்கடியில் தேங்காயெண்ணெய்த் தகரத்தில் மாதக்கணக்காக வைத்திருந்த பெற்றோல். பழைய சேலைத் துண்டால் வடித்துத்தான் ஊற்றினேன். தகரத்தின் துரு அந்தத் துணிக்கெல்லாம் நிற்காது என்றார். அதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை, இருக்கலாம் என்றார். இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் ஒயில் கெட்டு எஞ்சின் இறுகியிருக்கும், இல்லையென்றால் நின்ற இடத்தில் தீப்பிடித்திருக்கும் என்பதை மட்டும் அடித்துச் சொன்னார். நின்ற இடம் ராத்தாவின் குசினிச் சுவரோரம்.

காரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். இருக்கை இருந்தும் இருக்க முடியவில்லை, நகரம் வரும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தயிர்ச் சட்டியைக் காரிலேயே மறந்துவிட்டேன். வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லவில்லை. "அவைக்குச் சொல்லீட்டீரா?" என்று மட்டும் கேட்டார்.

விடிந்ததும் தேத்தண்ணி குடிக்காமலே போனேன். ராத்தா படலையடியில் நின்று கூட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் நின்ற நிலையில் சொன்னேன். சாவி தேய்ந்தது பொய். தோடு விழுந்தது பொய். நானா பெற்றோல் எடுத்தார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, காரில்தான் பிழை. ராத்தா விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார்.

"என்னட்டச் சொல்லி வேலையில்ல டீச்சர்," என்றார். "அவர்ட்டச் சொல்லுங்க. வாடியில இருக்கிறார்."

அங்கிருந்து கரைக்கு ஐந்து நிமிடம். நான் மூன்று நிமிடத்தில் போயிருப்பேன். நானா வாடி வாசலில் எஞ்சினின் பிளக்கைக் கழற்றி உரைத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு சின்னச் சட்டி, ஒரு பாய். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ராத்தாவிடம் சொன்னதைவிடக் கூடுதலாகவே சொன்னேன். மண்ணெண்ணெய் கலந்தார் என்று நினைத்ததையும், இன்னொரு சாவி வெட்டினார் என்று நினைத்ததையும் விடவில்லை.

"எத்தனையாவது இன்ஜெக்டர்?" என்று கேட்டார்.

"மூண்டாவது. நாலாவதும் கொஞ்சம்."

"நாலையும் மாத்துங்க. ஒண்டு போனா மற்றதும் வரிசையாப் போகும்."

"நானா, நான் மன்னிப்புக் கேக்க வந்தனான்."

அவர் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க நினைச்சது பரவால்ல டீச்சர். பெற்றோல் இல்லாத காலம். நானும் எத்தனை பேரை அந்தக் கண்ணால பாத்தனான். நீங்க சாவியை வாங்கிப் போன அண்டைக்கு இவ என்னட்டக் கேட்டா. 'நீங்க எடுத்தீங்களா' எண்டு கேட்டா. இல்லையெண்டு சொன்னன். பிறகும் ஒருக்கா கேட்டா." பிளக்கைத் துணியில் வைத்தார். "கலியாணம் முடிச்சு இருவத்தாறு வருஷம் டீச்சர். அண்டையில இருந்து எனக்கு அந்த வீட்டில சோறு இறங்குதில்ல. இங்கதான் ஆக்கிறன்."

எஞ்சினையும் கலனையும் அவர் கரைக்கு எடுத்துப் போனதற்கு நான் வைத்திருந்த காரணம் அப்போது ஞாபகம் வந்தது. அவர் பிளக்கைப் பூட்டத் தொடங்கினார். நான் திரும்பினேன்.

ராத்தா இன்னும் படலையடியில்தான் நின்றார். கூட்டி முடிந்திருந்தது. கார் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

இந்த முறை பொய் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். "நான் சந்தேகப்பட்டது பரவாயில்லையாம் ராத்தா. நீங்க கேட்டதுதான் நோகுதாம்."

ராத்தா படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கரைப் பக்கம் பார்த்தார்.

"ஓம், கேட்டனான். ரெண்டு தரம் கேட்டனான். அவர் இல்லையெண்டுதான் சொன்னவர். ஆனா நீங்க சாவிக்கு வந்து நிக்கேக்க, டீச்சர் படிச்சவ, சும்மா ஒருத்தரைச் சந்தேகப்பட மாட்டா எண்டு நினைச்சிட்டன்." பிறகு என்னைப் பார்த்தார். "அவரை விட்டுட்டு நான் உங்களை நம்பினனான் டீச்சர்."